மாசாய் கிராமத்தில் ஒரு மணி நேரம் போதாது

சென்னையிலிருந்து நாங்கள் சென்ற கென்யப் பயணத்தில், மாசாய் மாரா வனவிலங்குக் காப்பகத்தை ஒட்டி, மாடு மேய்த்து வாழும் மாசாய் மக்களின் கிராமம் ஒன்றைக் காண ஒரு மணி நேரமே ஒதுக்கியிருந்தார்கள். முள்வேலி வட்டத்துக்குள் வீடுகள் சுற்றி நிற்க, நடுவில் இரவில் மாடு அடைக்கும் பட்டி இருக்கிறது. ஷுகா என்னும் சிவப்புத் துணி போர்த்திய இளைஞர்கள் நின்ற இடத்திலேயே உயர எம்பிக் குதிக்கும் அடுமு ஆட்டத்துடன் வரவேற்றார்கள். அழகான ஆட்டம்தான், ஆனால் நேரத்தில் பாதி அதிலேயே போயிற்று.

என் மனத்தில் நிலைத்தது வீடு. மாசாய்களிடையே வீடு கட்டுவது பெண்களின் வேலை. கழிகளை நட்டுச் சுள்ளிகளால் பின்னி, மண்ணும் சாணமும் குழைத்துப் பூசுகிறார்கள், மழையில் கூரை ஒழுகினால் மறுபடி பூசுவதும் அவர்களே. குனிந்து நுழைந்ததும் இருட்டும் அடுப்புப் புகையும் கண்ணை மறைத்தன. சற்றுப் பழகிய பின், அந்த வீட்டு மூதாட்டி பால் வைக்கும் சுரைக்குடுக்கையின் உட்புறத்தைக் கனன்ற கட்டையால் தேய்த்துச் சுத்தம் செய்வதைக் காட்டினார்; பாலில் ஏறும் புகைமணம் அதிலிருந்துதான் வருகிறது. செங்கல்பட்டுப் பக்கம் சாணம் மெழுகிய வீட்டில் வளர்ந்த என் அம்மா, "சாணியோட வேற என்னம்மா சேர்ப்பீங்க?" என்று தமிழிலேயே கேட்டுவிட்டார். வழிகாட்டி மொழிபெயர்த்ததும் மூதாட்டி சிரித்து, புல்லையும் சாம்பலையும் தொட்டுக் காட்டினார். உலகிலுள்ள மாடுகளை எல்லாம் எங்காய் என்னும் தங்கள் கடவுள் தங்களுக்கே அளித்தார் என்ற நம்பிக்கையைப் பற்றி அம்மா கேட்கத் தொடங்கியபோது, கடைக்கு நேரமாகிவிட்டதென எங்களை எழுப்பிவிட்டார்கள். அது எனக்குப் பெரும் வருத்தம்.

நபருக்கு இவ்வளவென்று ஓட்டுநர் வாங்கிய கட்டணத்தில் கிராமத்துக்கு எவ்வளவு சேரும் என்ற கேள்விக்கும் தெளிவான பதில் இல்லை. செல்பவர்கள் இதைப் புறப்படும் முன்பே பேசி, ஊர்ப் பெரியவரின் கையிலேயே கொடுக்க முடியுமா என்று கேட்டுக்கொள்வது நல்லது. மணிமாலைகளை, கோத்த பெண்ணிடமே வாங்கினோம். வெள்ளை பாலையும் நீலம் வானத்தையும் குறிக்கும் என்று அவர் சொல்லித்தான் தெரிந்தது.

இரண்டு மணி நேரமாவது கேட்டு வாங்கிக்கொண்டு, ஆட்டத்தைச் சுருக்கி வீட்டுக்குள் அமருங்கள். நாடு திரும்பும்போது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று கேட்பார்கள். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் பயணத்துக்குப் பத்து நாட்களுக்கு முன்பாகவே போட்டுக்கொள்ளுங்கள்.