பாரிமுனை கப்பாபைகஸ் பொட்டலம்: லெக்டின் எடுக்கத் தேறுமா?

பாரிமுனைப் பக்கம் ஒரு ரசாயனக் கடையில் கப்பாபைகஸ் கடற்பாசி மூன்று வகையாகக் கிடைக்கிறது: அப்படியே உலர்த்தியது, காரத்தில் வேகவைத்த சில்லு, பொடி. சர்க்கரைகளைப் பற்றிக்கொண்டு சிவப்பணுக்களைத் திரளவைக்கும் லெக்டின் என்ற புரதத்துக்கு முதல் வகைதான் சரி. சில்லு, கேராஜீனன் என்ற பாசிக் கூழ்ப்பொருள் எடுக்கும் ஆலைக்கான சரக்கு. பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் கொதிக்கும்போதே புரதம் போய்விடும். பொடியில் என்ன கலந்திருக்கிறதென்று யாருக்குத் தெரியும்? மளிகைக் கடை அகர்-அகர் இதற்கு ஆகவே ஆகாது.

உலர்ந்தது, ராமேஸ்வரம் அருகேயுள்ள மண்டபம் பக்கத்துச் சரக்கு. கருஞ்சிவப்பு, வளைத்தால் ரப்பர் மாதிரி வளையும். மேலே படிந்திருக்கும் வெள்ளை, பூஞ்சை அல்ல, பொட்டாசியம் குளோரைடு, தண்ணீரில் கரைந்துவிடும். பூஞ்சையென்று பயந்து தூக்கிப் போட வேண்டாம். ஆனால் மணலும் வளர்ப்புக் கயிற்றின் நாரும் ஏராளம். பாசி விலைக்கு மணல் வாங்குகிறோம். பொட்டல உறையும் மெல்லியது, சென்னைப் புழுக்கத்தில் ஈரம் ஏறும் என்பதால் உடனே ஃப்ரீசரில் வையுங்கள்.

குளிர்ந்த நீரில் வேகமாக அலசி, உலர்த்தி, அரைக்கவும். வெறும் உப்புநீரில் ஊறவைத்தால் கேராஜீனன் கொழகொழவென்று கட்டிக்கொள்ளும், பாசியிலுள்ள பொட்டாசியம் அதை மேலும் இறுக்கும். 10 கிராமுக்கு 100 மில்லி, 20 சதவீத எத்தனாலில் 4 டிகிரியில் இரவு முழுக்க வைத்தால் அந்தத் தொல்லை பெரிதும் குறையும். துணியில் வடிகட்டி, சென்ட்ரிஃபியூஜில் சுழற்றி, தெளிவைச் சவ்வுப் பையில் இட்டு 0.85 சதவீத உப்புநீரில் டயாலிசிஸ் செய்யுங்கள். இதில் சோம்பல்பட்டால் மிஞ்சிய எத்தனால் சோதனையில் சேர்க்கும் சிவப்பணுக்களை உடைத்துவிடும், குழி முழுக்கச் சிவந்துவிடும்.

சோதனைக்கு டிரிப்சின் (புரதத்தைச் சிதைக்கும் நொதி) போட்ட முயல் சிவப்பணு, 2 சதவீதம். வி வடிவ 96 குழித் தட்டில் பாதிப் பாதியாக நீர்த்த சாறு 25 மைக்ரோலிட்டர், அணுக்களும் 25 மைக்ரோலிட்டர். ஒரு மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். அடியில் சிறு பொட்டாக இறங்கினால் திரளவில்லை. குழியெங்கும் மெல்லிய விரிப்பாகப் படர்ந்தால் திரண்டிருக்கிறது.

அந்த விரிப்பையும் உடனே நம்பக் கூடாது. ஈஸ்ட் மன்னான் (மேனோஸ் சர்க்கரைகள் கோத்த சங்கிலி) சேர்த்த குழியில் திரட்சி தடைபட வேண்டும்; சாதா மேனோஸ் போட்டால் தடைபடாது. மன்னானுக்கும் அடங்காவிட்டால் அது கேராஜீனன் பிசுபிசுப்பாக இருக்கலாம்.

மாணவர் செய்முறைக்கு இந்தப் பொட்டலம் தாராளமாகப் போதும். சுத்திகரித்த லெக்டின் தேவைப்படும் ஆய்வுக்கு, மண்டபத்திலிருந்தே புதிய பாசியை ஐஸில் வரவழைப்பது மேல்.