ஒமிபிரசோலா, ஃபமோடிடினா? மருந்து கொடுப்பவர் கவனிக்க வேண்டியவை

இரண்டும் வயிற்று அமிலத்தைக் குறைப்பவைதான். ஆனால் கொடுக்கும் முறை வேறு.

நேரம்:
ஒமிபிரசோல் – காலை உணவுக்கு 30 முதல் 60 நிமிடம் முன். சாப்பிட்ட பிறகு கொடுத்தால் பலன் குறையும்.
ஃபமோடிடின் – உணவோடும் கொடுக்கலாம், தனியாகவும் கொடுக்கலாம்.

வேகம்:
ஒமிபிரசோல் – முழுப் பலனுக்குச் சில நாள் ஆகும். "ஒரு வேளை போட்டேன், கேட்கலையே" என்பவரிடம் இதை முன்பே சொல்லிவிடுங்கள்.
ஃபமோடிடின் – சுமார் ஒரு மணி நேரத்தில். தினமும் எடுத்தால் போகப்போக பலன் மங்கும்.

விழுங்குதல்: இங்கேதான் அதிகம் தவறுகிறது. ஒமிபிரசோல் கேப்சூலுக்குள் இருக்கும் சின்னச் சின்ன மணிகளை இடிக்கவே கூடாது. மேல்பூச்சு உடைந்தால் வயிற்று அமிலமே மருந்தைச் சிதைத்துவிடும். மூக்கு வழியாக உணவு செலுத்தும் குழாய் உள்ளவருக்கு எந்த வடிவில் கொடுப்பது என்று மருந்தாளரிடம் கேளுங்கள்.

எச்சரிக்கை:
ஒமிபிரசோல் – ரத்தம் உறையாமல் தடுக்கும் குளோபிடோக்ரெல் மருந்தும் எடுப்பவரா? உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். நீண்ட காலம் எடுத்தால் மக்னீசியம், பி12 குறையலாம்.
ஃபமோடிடின் – சிறுநீரகம் பழுதானால் அளவைக் குறைக்க வேண்டும். முதியவருக்குத் திடீர்க் குழப்பம் வந்தால் இந்த மருந்தையும் சந்தேகியுங்கள்.

வயிற்றுப் புண், அமிலம் உணவுக்குழாயை அரித்துப் புண்ணாக்கிய நிலை என்றால் ஒமிபிரசோல். எப்போதாவது வரும் நெஞ்செரிச்சலுக்கு ஃபமோடிடின் போதும். மலம் கறுத்தால் எதையும் கொடுத்துக் காத்திருக்காமல் மருத்துவரை அழையுங்கள்.