பழைய செவர்லே வி-8 இன்ஜினில் புது மேனிஃபோல்டு: ஆயில் ஊற்றும் வழியும் கிராங்க்கேஸ் காற்றோட்டமும்

செவர்லே 1955-இல் வெளியிட்ட 265 கன அங்குல வி-8 இன்ஜினும், அதன் வழியில் வந்த 283, 327 இன்ஜின்களும் 1967 வரை ஏறத்தாழ ஒரே அமைப்பில்தான் இருந்தன. ஆயில் ஊற்றும் குழாய், கார்புரேட்டரிலிருந்து சிலிண்டர்களுக்குக் கலவையைக் கொண்டுசெல்லும் இன்டேக் மேனிஃபோல்டின் முன்முனையில் நிற்கும். கிராங்க்கேஸ் எனப்படும் இன்ஜினின் அடிக்கூட்டில் சேரும் புகை வெளியேறும் வழி, பிளாக் எனப்படும் இன்ஜின் உடலின் பின்புற மேல்பகுதியில், பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிரும் டிஸ்ட்ரிபியூட்டரை ஒட்டி இருக்கும். சிலிண்டர் தலைகளின் மேல் உட்காரும் வால்வு கவர்கள் ஓட்டை எதுவும் இல்லாமல் மூடியே இருக்கும். 1968-இலிருந்து ஆயில் மூடி வால்வு கவருக்கு இடம் மாறியது, பிளாக்கின் பின்புற ஓட்டையும் கைவிடப்பட்டது. இன்று வெளிச்சந்தையில் கிடைக்கும் அலுமினிய மேனிஃபோல்டுகளில் பெரும்பாலானவை இந்தப் பிந்தைய அமைப்பை மனத்தில் வைத்து வார்க்கப்பட்டவை என்பதால், அவற்றின் முன்முனையில் குழாய் இருப்பதில்லை. 1957 செவர்லே பெல் ஏர் காரில் உள்ள 283 இன்ஜினுக்கு நான்கு பேரல் கார்புரேட்டர் வைக்க விரும்பி அப்படியொரு மேனிஃபோல்டை வாங்கிப் பூட்டுபவருக்கு, ஆயில் ஊற்ற இடமில்லாத இன்ஜின் ஒன்று கைக்கு வருகிறது.

பலரும் இதை ஆயில் ஊற்றும் சிக்கலாக மட்டுமே பார்க்கிறார்கள். அங்கேதான் தவறு தொடங்குகிறது. பழைய இன்ஜினில் அந்தக் குழாயின் மூடி வெறும் மூடி அல்ல. அதற்குள் கம்பி வலை இருந்தது; இன்ஜினுக்குள் வெளிக்காற்று நுழையும் ஒரே வாசல் அதுதான். பின்புற ஓட்டையிலிருந்து இறங்கிய நீண்ட குழாய் காரின் அடிப்பகுதியில் சாய்வாக வெட்டப்பட்டு நிற்கும். கார் ஓடும்போது அடியில் வீசும் காற்று அதன் வாயில் இழுவிசையை உண்டாக்க, முன்னால் நுழைந்த காற்று கிராங்க்கேஸ் முழுவதையும் கடந்து பின்னால் வெளியேறும். ஆகவே முன்குழாயை இழப்பவர் ஆயில் வழியையும் காற்று வழியையும் ஒரே நேரத்தில் இழக்கிறார். மாற்று ஏற்பாடு எதுவாக இருந்தாலும், ஆயில் ஊற்ற ஓர் இடம், சுத்தமான காற்று உள்ளே வர ஒரு வழி, புகை வெளியே போக ஒரு வழி என்ற மூன்றுக்கும் அது விடை சொல்லியாக வேண்டும். கீழே உள்ள வழிகளை நான் எடைபோடுவது இந்த அளவுகோலை வைத்துத்தான்.

காற்றோட்டம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை முதலில் பார்த்துவிடலாம். பிஸ்டன் ரிங்குகள் எவ்வளவு நன்றாக இருந்தாலும், எரிந்த வாயுவில் ஒரு பங்கு அவற்றைக் கடந்து கீழே இறங்கத்தான் செய்யும். ப்ளோ-பை எனப்படும் அந்த வாயுவில் நீராவியும், எரியாத பெட்ரோலும், அமிலமாக மாறக்கூடிய பொருள்களும் கலந்திருக்கும். அது வெளியேறாவிட்டால் நீர் குளிர்ந்து ஆயிலில் கலக்கும்; ஆயில் கெட்டு, வால்வு கவரின் உட்புறத்தில் சேறு படியும்; உள்ளழுத்தம் ஏறி, ஆயில் சீல்களிலும் கேஸ்கட்டுகளிலும் கசியத் தொடங்கும். 1955-ஆம் ஆண்டின் 265 இன்ஜினில் ஆயில் ஃபில்டரே தனியாகக் கேட்டு வாங்க வேண்டிய பொருளாக இருந்தது என்பதை நினைத்தால், அதில் ஆயிலைக் காப்பாற்றுவதில் காற்றோட்டத்தின் பங்கு எவ்வளவு பெரியது என்பது விளங்கும்.

காற்றின் வேகத்தை நம்பிய பழைய குழாய்க்கு ஒரு பெருங்குறை இருந்தது: கார் நின்றாலோ ஊர்ந்தாலோ அது வேலை செய்யாது. வெளியே விட்ட புகையும் காற்றை நேராக மாசுபடுத்தியது. அதனால்தான் 1961 மாடல் கார்களிலிருந்து கலிபோர்னியாவிலும், 1963 மாடல்களிலிருந்து அமெரிக்கா முழுவதும், பி.சி.வி. எனப்படும் கிராங்க்கேஸ் காற்றோட்ட வால்வு வந்தது. கார்புரேட்டருக்குக் கீழே உண்டாகும் வெற்றிடத்தைக் கொண்டு கிராங்க்கேஸ் புகையை இழுத்து, மறுபடியும் எரிய விடுவதே அதன் வேலை. ஐடிலிங்கில் வெற்றிடம் மிகுதியாக இருக்கும்போது உள்ளிருக்கும் சிறு ஊசி இழுபட்டு வழியைக் குறுக்கும். சீரான வேகத்தில் ஓடும்போது வெற்றிடம் குறைய, ஸ்பிரிங் ஊசியைத் தள்ளி வழியை அகலமாக்கும். கார்புரேட்டரில் பேக்ஃபயர் அடித்தால் வழியை முழுவதும் அடைத்து, தீ கிராங்க்கேஸுக்குள் இறங்காமல் காக்கும். பழைய இன்ஜினுக்குப் புது மேனிஃபோல்டு போடும் வேளைதான் இதைச் சேர்க்கச் சரியான தருணம். எப்படியும் மேல்பகுதியைக் கழற்றியாகிவிட்டதே.

முன்குழாயைத் திரும்பக் கொண்டுவருவது

இதற்கு இரண்டு பாதைகள் உண்டு. ஒன்று, குழாயுடனேயே வரும் மேனிஃபோல்டை வாங்குவது. எடல்பிராக் நிறுவனத்தின் பெர்ஃபார்மர் இ.பி.எஸ். வரிசையில் அப்படியொரு வகை, குழாயும், பிரீதர் எனப்படும் காற்று நுழையும் மூடியும் சேர்ந்தே கிடைக்கிறது. இன்னும் மேனிஃபோல்டு வாங்காதவருக்கு நான் சொல்வது இதைத்தான்: விலை வித்தியாசத்தைப் பார்க்க வேண்டாம், குழாய் உள்ளதையே வாங்குங்கள். அளவெடுக்கும் வேலையும் மெஷின் ஷாப் வேலையும் மிச்சமாகும்.

இன்னொன்று, ஏற்கெனவே வாங்கிய மேனிஃபோல்டின் முன்முனையில் துளையிட்டுக் குழாயை இறுக்கிப் பொருத்துவது. சில மேனிஃபோல்டுகளில் அந்த இடத்தில் துளையிடப்படாத தடித்த மேடு ஒன்று வார்ப்பிலேயே இருக்கும். அது இருந்தால் வேலை எளிது. மேடு இல்லாத மெல்லிய சுவரில் துளையிட்டால் குழாயைப் பிடித்துக்கொள்ளப் போதிய உலோகம் இருக்காது. நாளடைவில் அது ஆடிக் கழன்று, அடியில் ஆயில் கசியும். துளையைக் கைட்ரில்லில் ஹோல் சா மாட்டி இடுவதைவிட மில்லிங் மெஷினில் இடுவது பலமடங்கு மேல். குழாய் இறுக்கமாக உட்கார, துளை வட்டமாகவும் அளவுக்குச் சற்றுச் சிறியதாகவும் இருக்க வேண்டும், அதன்மேல் லாக்டைட் போன்ற பிடிபசையும் வேண்டும். துளையிடும் முன் மேனிஃபோல்டை இன்ஜின்மேல் சும்மா வைத்து, கார்புரேட்டர், ஏர் கிளீனர், தெர்மோஸ்டாட் மூடி, டைனமோ எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கும்போது குழாய்க்கு இடம் உண்டா என்று பார்த்துவிட வேண்டும். அகலமான ஏர் கிளீனர் குழாயின் தலையில் இடிப்பது அடிக்கடி நேரும் தொல்லை.

மேனிஃபோல்டைக் கழற்றாமல், இன்ஜினில் பூட்டியபடியே துளையிடலாம், துண்டுகளைக் கிரீஸ் பிடித்துக்கொள்ளும் என்று சிலர் சொல்வதுண்டு. அலுமினியத் துகள் காந்தத்தில் ஒட்டாது. மேனிஃபோல்டுக்குக் கீழே உள்ள லிஃப்டர் பள்ளத்தில் விழுந்த துகள் நேராக ஆயில் பேனுக்கு இறங்கி, ஆயில் பம்ப்பின் பற்களுக்கு இடையே போகும். ஒரு கேஸ்கட் செட்டை மிச்சம் பிடிக்க ஒரு பம்ப்பையும் பேரிங்குகளையும் பணயம் வைப்பதை என்னால் எந்த வகையிலும் ஏற்க முடியாது.

வால்வு கவரில் துளையிடுவது, அல்லது துளையுள்ள கவரை வாங்குவது

இது மிகப் பரவலான வழி. 1968-இலிருந்து வந்த பிளாக்குக்கு இதுவே இயல்பான வழியும்கூட. ஒரு கவரில் ஆயில் மூடி அல்லது பிரீதர், மறு கவரில் ரப்பர் கிரோமட்டில் செருகிய பி.சி.வி. வால்வு என்றால், மூன்று தேவைகளும் நிறைவேறிவிடும். காற்று ஒரு பக்கம் நுழைந்து கிராங்க்கேஸைக் கடந்து மறுபக்கம் வெளியேறுவதால் ஓட்டமும் நன்றாக இருக்கும். இரண்டையும் ஒரே கவரில் வைத்தால் காற்று குறுக்குவழியில் வெளியேறிவிடும், கீழே இருக்கும் புகை அங்கேயே தங்கும்.

ஆனால் வால்வு கவருக்குள், வால்வுகளை அழுத்தித் திறக்கும் ராக்கர் ஆர்ம்கள் இடைவிடாமல் ஆயிலைத் தெறிக்கவிடுகின்றன. துளைக்கு நேர்கீழே பேஃபிள் எனப்படும் தடுப்புத் தகடு இல்லாவிட்டால், பி.சி.வி. வால்வு புகையோடு ஆயிலையும் உறிஞ்சி எரித்துவிடும். சைலன்சரில் நீலப்புகை வரும், ரிங் போய்விட்டதோ என்று உரிமையாளர் கலங்குவார். துளையை மட்டும் இட்டுத் தடுப்பை மறப்பதே இந்த வழியில் நான் காணும் தலையாய குறை. தடுப்பு இருந்தாலும், ரோலர் ராக்கர் போட்ட இன்ஜினில் அது இடிக்குமா என்று கவரைப் பூட்டும் முன் இன்ஜினைக் கையால் சுழற்றிப் பார்க்க வேண்டும்.

மேலும் இரண்டு செய்திகள். 1955 முதல் 1959 வரையான சிலிண்டர் தலைகளில் கவரின் மேல் போல்ட்களும் கீழ் போல்ட்களும் நேரெதிராக அமையாமல் விலகி நிற்கும். கடையில் கிடைக்கும் துளையுள்ள கவர்கள் பெரும்பாலும் 1960-இலிருந்து வந்த தலைகளுக்கானவை, இவற்றில் உட்காரா. அடுத்தது மனம் சார்ந்தது என்றாலும் சிறியதல்ல: அந்தக் காலத்துக் கொர்வெட்டின் பள்ளவரி அலுமினிய கவர்களோ, செவர்லே எழுத்துப் பொறித்த தகட்டு கவர்களோ அசலாக இருந்தால், அவற்றில் துளையிடுவது திரும்பப் பெற முடியாத இழப்பு. அசல் கவரைப் பரணில் பத்திரமாக வைத்துவிட்டு, மறுபதிப்பில் துளையிடுவதே முறை.

பிளாக்கின் பின்புற ஓட்டை

1967 வரையிலான பிளாக் உள்ளவர்கள் இதை ஏன் பயன்படுத்தாமல் தக்கை வைத்து அடைக்கிறார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை. அறுபதுகளின் முற்பகுதியில் செவர்லே தானே பி.சி.வி. அமைத்தபோது, கீழே இறங்கிய குழாயை எடுத்துவிட்டு, இந்த ஓட்டையிலிருந்துதான் ஹோஸைக் கார்புரேட்டர் பக்கம் கொண்டுபோனது. ஓட்டையில் பொருந்தும் வளைகுழாயும் கிரோமட்டும் இன்றும் கிடைக்கின்றன. எந்த மேனிஃபோல்டு போட்டாலும் இந்த ஓட்டை மறைவதில்லை. எதையும் துளையிட வேண்டியதுமில்லை.

ஒரே ஒரு நிபந்தனை உண்டு. ஓட்டைக்கு நேர்கீழே, லிஃப்டர் பள்ளத்துக்குள், சிறிய தகர டப்பா ஒன்று போல்ட்டால் பிணைக்கப்பட்டிருக்க வேண்டும். புகை அதற்குள் திசைமாறிச் செல்லும்போது ஆயில் துளிகள் சுவரில் மோதிப் பிரிந்து கீழே வடிந்துவிடும். பிளாக்கைச் சுத்தம் செய்ய மெஷின் ஷாப்புக்கு அனுப்பும்போது இந்த டப்பாவைக் கழற்றி ஓரமாக வைப்பார்கள். என்னவென்று தெரியாமல் பழைய கேஸ்கட்டுகளோடு அதுவும் குப்பைக்குப் போய்விடும். மேனிஃபோல்டு கழன்றிருக்கும்போதே டார்ச் அடித்துப் பாருங்கள். டப்பா இருந்தால், உள்ளே கரி அடைத்திருக்கிறதா என்று கழற்றிக் கழுவுங்கள். இல்லாவிட்டால் மறுபதிப்பை வாங்கிப் பூட்டுங்கள். அது இல்லாமல் இந்த ஓட்டையில் வெற்றிடத்தை இணைத்தால் ஆயில் செலவு தாங்காது. எழுபதுகளின் நடுவில் வந்த பருத்த எச்.இ.ஐ. (மின்னணு இக்னிஷன்) டிஸ்ட்ரிபியூட்டர் போட்டிருந்தால் ஹோஸுக்கு இடம் நெருக்கமாக இருக்கும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

பிரீதர் மட்டும் போதுமா?

இரு கவர்களிலும் குரோம் பூசிய பிரீதர்களை மாட்டிவிட்டு, வெற்றிட இணைப்பே இல்லாமல் விடுவோர் ஏராளம். அழுத்தம் வெளியேறும் என்பது உண்மை. ஆனால் உள்ளே காற்று ஓடாது. நீராவி உள்ளேயே குளிரும், பிரீதரைச் சுற்றி ஆயில் பிசுக்கு படியும், காருக்குள் புகை நெடி வரும். சாலையில் ஓடும் காருக்கு இது ஏற்றதல்ல. பந்தயக் கார்களில் எக்ஸாஸ்ட் ஹெடரின் சேர்முகத்திலிருந்து ஒருவழி வால்வு வழியாகக் கிராங்க்கேஸை உறிஞ்சும் ஏற்பாடு, முழு வேகத்தில் நன்றாக வேலை செய்கிறது. சைலன்சர் பூட்டிய காரில் எதிரழுத்தம் அந்த உறிஞ்சலைக் கெடுத்துவிடும்.

என் தேர்வு

பிளாக் 1967 வரையிலானது என்றால், முன்னால் ஆயில் குழாய், பின்னால் தகர டப்பாவோடு பி.சி.வி. என்பதே முதல் தேர்வு. காற்று முன்னிருந்து பின்னாக நீளவாக்கில் முழு இன்ஜினையும் கடக்கிறது, வால்வு கவர்கள் தொடப்படுவதில்லை, தோற்றமும் அந்தக் காலத்ததாகவே இருக்கிறது. மேனிஃபோல்டில் துளையிட மேடு இல்லையென்றால், ஒரே ஒரு வால்வு கவரை மட்டும் துளையுள்ளதாக மாற்றி, ஆயிலும் காற்றும் அதன் வழியே நுழையட்டும். புகை பின்னாலேயே வெளியேறட்டும். பிளாக் 1968-இலிருந்து வந்தது என்றால் தயங்க வேண்டாம், இரண்டு வால்வு கவர்களும்தான் வழி.

எதைத் தேர்ந்தாலும் பி.சி.வி. ஹோஸைக் கார்புரேட்டரின் அடித்தட்டில் உள்ள அதற்கான 3/8 அங்குல முனையில் இணைக்க வேண்டும். மேனிஃபோல்டில் பிரேக் பூஸ்டருக்காக உள்ள முனையில் இணைத்தால், அது பல மேனிஃபோல்டுகளில் ஒரே சிலிண்டரின் பாதையில் திறப்பதால், அந்த ஒரு சிலிண்டருக்கு மட்டும் காற்றும் ஆயில் ஆவியும் மிகுந்து, பிளக் கறுக்கும். காற்று நுழையும் பக்கத்தை ஹோஸ் வழியாக ஏர் கிளீனரின் உட்புறத்தோடு இணைப்பது நல்லது. முழு வேகத்தில் வெற்றிடம் இல்லாதபோது திரும்பிவரும் புகையும் அங்கேயே போய் எரிந்துவிடும்.

வேலை முடிந்ததும் இன்ஜினைச் சூடாக்கி, ஐடிலிங்கில் விட்டு, காற்று நுழையும் வாயின்மேல் ஒரு காகிதத் துண்டை வையுங்கள். சிறிது நேரத்தில் அது மெல்ல ஒட்டிக்கொள்ள வேண்டும்; எழும்பிப் பறந்தால் வால்வு அடைத்திருக்கிறது, அல்லது ரிங்குகள் தேய்ந்து ப்ளோ-பை மிகுந்திருக்கிறது. பெரிய கேம்ஷாஃப்ட் போட்டு ஐடிலிங் வெற்றிடம் குறைந்த இன்ஜினில், சாதாரண கார் வால்வின் ஊசி நிலைகொள்ளாமல் தடதடக்கும். அங்கே குறைந்த வெற்றிடத்துக்கு ஏற்ற வால்வைத் தேடிப் போட வேண்டும். பி.சி.வி. வழியே வரும் காற்று ஐடிலிங் கலவையை மெலிதாக்கும் என்பதால், கார்புரேட்டரின் கலவைத் திருகுகளை ஹோஸ் மாட்டிய நிலையிலேயே மறுபடி சரிசெய்ய வேண்டும். கழற்றி வைத்துச் சரிசெய்தால், மாட்டியவுடன் இன்ஜின் மீண்டும் தடுமாறும்.