ஊசி போடாமல் அனுப்பிய நர்சம்மா

கனடாவிலிருந்து ஊருக்கு வந்த இந்தத் தடவை விமானம், டாக்ஸி, பேங்க் கே.ஒய்.சி. எல்லாம் ஒரு வம்பும் இல்லாமல் முடிந்துவிட்டன. அதில் எழுத ஒன்றுமில்லை. எழுத வேண்டியது, கும்பகோணத்துக்குக் கிழக்கே எங்கள் ஊரில், வீட்டுக் கொல்லை மாட்டுக்கொட்டகையில் என் குதிகாலில் ஏறிய ஆணியைப் பற்றித்தான்.

ஆணி ஒன்றும் பெரிதில்லை. ஆனால் நம்மூரில் ஆணி குத்தினால் அடுத்து என்ன என்று உங்களுக்கே தெரியும். "ஓடிப்போய் ஒரு டி.டி. போட்டுக்கிட்டு வந்துடு." அம்மா சொன்னாள், எதிர்வீட்டு அத்தை சொன்னாள், பால்காரரும் சொன்னார். டாக்டரைப் பார் என்று மட்டும் ஒருத்தரும் சொல்லவில்லை. டெட்டனஸ் (ரணஜன்னி) வராமல் தடுக்கும் அந்த ஊசிதான் முக்கியம், போடுகிற ஆள் யாராயிருந்தால் என்ன?

முதலில் போனது மெடிக்கல் கடை. "அக்கா, திரைக்குப் பின்னாடி ஸ்டூல் இருக்கு, உட்காருங்க, வந்துடறேன்" என்றான் பையன். பிளஸ் டூ முடித்து ரெண்டு வருஷம் இருக்கும். சுவரில் பிரேம் போட்ட பார்மசிஸ்ட் சான்றிதழ், அதில் மீசை வைத்த ஒருவர் போட்டோ. "இவர் எங்கே தம்பி?" என்றேன். "அவரு திருச்சில இருக்காருக்கா" என்றான், கூச்சமே இல்லாமல். எழுந்து வந்துவிட்டேன்.

டாக்டர் இல்லாதவர் ஊசி போடுவது எனக்குப் புதிதில்லை. நான் இருக்கும் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 2012-லிருந்து பார்மசிஸ்டே ஃப்ளூ காய்ச்சல் ஊசி போடுகிறார். 2023 ஜனவரி முதல் கண் சிவப்பு, உதட்டுப் புண், சாதாரண நீர்க்கடுப்பு மாதிரி சில்லறை உபாதைகளுக்கு அவரே மருந்து எழுதித் தரவும் செய்கிறார். குடும்ப டாக்டர் கிடைக்காமல், எமர்ஜென்சியில் போய் அரை நாள் காத்துக்கிடக்கும் எங்களுக்கு அது பெரிய வரம். ஆனால் அங்கே ஊசி போடுகிறவரின் பெயர் பதிவேட்டில் இருக்கும். ஊசி போடத் தனியாகப் பயிற்சி எடுத்திருப்பார். ஏதாவது ஆகிவிட்டால் கேட்க ஓர் இடம் உண்டு. இங்கே சான்றிதழ் கும்பகோணத்துப் பக்கம் தொங்குகிறது, அதற்குரியவர் திருச்சியில் இருக்கிறார்.

அடுத்து கம்பவுண்டர் மாமா, அந்தக் காலத்தில் ஊர் டாக்டரிடம் மருந்து கலந்து கொடுத்து, ஊசி போட்டவர். எங்கள் தலைமுறையில் அந்த வட்டாரத்துக் குழந்தைகள் எல்லோரும் அவரிடம் குத்து வாங்கியவர்கள்தான். ஸ்டீல் டப்பாவில் கொதிக்கும் கண்ணாடி சிரிஞ்சு, ஸ்பிரிட் வாசனை, வேளைக்கு இவ்வளவு என்று காகிதத்தை வெட்டி ஒட்டிய சீசாவில் ரோஸ் கலர் மிக்சர். அந்த டாக்டர் காலமாகி வெகுகாலம் ஆகிவிட்டது. கிளினிக்கை மூடினார்கள், கம்பவுண்டர் மூடவில்லை. வீட்டுத் திண்ணையிலேயே பார்க்கிறார். இப்போது அவரையே டாக்டர் என்கிறார்கள்.

"வாம்மா கனடா! இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" என்றார். காலைத் திருப்பிப் பார்த்துவிட்டு மூன்று மருந்துக் குப்பிகளை எடுத்து வைத்தார். டி.டி. ஒன்று, வலிக்கு ஒன்று, சீழ் வைக்காமல் இருக்க ஒன்று.

"எதுக்கு மாமா மூணு?"

"நீ எப்ப வருவே, எப்ப போவே? ஒரேயடியா முடிச்சிடுவோமே."

"எனக்குப் பென்சிலின் ஆகாது மாமா."

"அப்படியா? சரி, அப்ப வேற போடுவோம்."

அந்தச் "சரி"யில்தான் எனக்கு வியர்த்தது. நானாகச் சொல்லியிருக்காவிட்டால் கேட்டிருக்கவே மாட்டார். ஆகாத மருந்து உள்ளே போய் உடம்பு பொங்கி மூச்சு அடைத்தால், சில நிமிஷத்துக்குள் அட்ரினலின் ஊசி போட்டாக வேண்டும். அது அந்தப் பையில் இருந்ததாகத் தெரியவில்லை. அவர் கையில் குறை சொல்ல முடியாது. இன்றைக்கும் வலிக்காமல் போடுவார். எதைப் போடுவது, போடத்தான் வேண்டுமா என்கிற தீர்மானம் முன்பு டாக்டருடையது. டாக்டர் போன பிறகு அதையும் சேர்த்து இவர் எடுத்துக்கொண்டுவிட்டார். "அம்மா தேடுவாங்க மாமா, அப்புறம் வர்றேன்" என்று நழுவினேன்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1956-ஆம் வருஷ இந்திய மருத்துவக் கவுன்சில் சட்டத்தில், பதிவு இல்லாமல் ஆங்கில வைத்தியம் பார்த்தால் ஒரு வருஷம் வரை சிறை அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம் என்று இருந்தது. இரண்டும் சேர்ந்தும் கிடைக்கலாம். 2019-இல் வந்த தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின் 34-வது பிரிவு சிறையை அப்படியே வைத்துவிட்டு, அபராதத்தை ஐந்து லட்சம் வரைக்கும் ஏற்றியது. "போலி டாக்டர் கைது" என்று அவ்வப்போது பேப்பரில் வருவதும் உண்மைதான். அதே சட்டத்தின் 32-வது பிரிவில், டாக்டர் அல்லாதவர்களுக்கு வைத்தியம் பார்க்க வரம்பு கட்டிய அனுமதி தர வழி வைத்திருக்கிறார்கள். அதை எதிர்த்து அப்போது டாக்டர்கள் தெருவில் இறங்கினார்கள். அவர்கள் கோபம் புரிகிறது. ஆனால் எங்கள் ஊர்த் திண்ணையில் அந்த அனுமதி எந்தச் சட்டமும் வருவதற்கு முன்பே, வரம்பே இல்லாமல் நடைமுறையில் இருக்கிறது.

ஒன்டாரியோவின் 1991-ஆம் வருஷச் சட்டம் வேறு மாதிரி போகிறது. எந்தெந்தக் காரியம் ஆபத்தானது என்று ஒரு பட்டியல் போட்டிருக்கிறார்கள்: ஊசி போடுவது, முறிந்த எலும்பைச் சேர்த்துக் கட்டுவது, உனக்கு இன்ன வியாதி என்று சொல்வது, இப்படி. இவற்றை அதற்கென்று அனுமதி பெற்றவர்கள்தான் செய்யலாம். அப்புறம் விதிவிலக்குகள். அவசரத்தில் முதலுதவி யார் வேண்டுமானாலும் செய்யலாம். அவரவர் மத நம்பிக்கைப்படி பிரார்த்தனையால் குணப்படுத்த முயலலாம். பூர்வகுடி மக்களின் பாரம்பரிய வைத்தியர்கள் தங்கள் சமூகத்தாருக்குச் செய்யலாம். ஒரே வீட்டில் இருப்பவருக்கு வீட்டு மனிதர் ஊசி போடலாம். என் மாமியாருக்கு இன்சுலின் போட வீட்டுக்கு வந்த நர்ஸ் எனக்குச் சொல்லிக்கொடுத்தது அந்த விலக்கில்தான். "உங்க வீட்டு ஆளுக்கு மட்டும்" என்று அழுத்திச் சொல்லிவிட்டுப் போனார். இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னால், "அப்ப வேப்பிலை அடிக்கிற பூசாரிக்கு அங்க அனுமதி உண்டு, நம்ம கம்பவுண்டருக்குக் கிடையாதா? நல்லா இருக்கு உங்க ஊர் நியாயம்" என்றாள். பதில் சொல்ல வாய் வரவில்லை.

கடைசியில் காப்பாற்றியது அம்மாவுக்கு மாத்திரை கொண்டுவந்த பெண். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் தன்னார்வலர். வீட்டுக்கே வந்து பிரஷர், சுகர் பார்த்து, டாக்டர் எழுதிய மாத்திரையைத் தருகிறார். (ஒன்டாரியோவில் எந்தச் சாமி வீடு தேடி வந்து மாத்திரை தருகிறது?) "தலை சுத்துது, அரை மாத்திரையா குறைச்சுக்கட்டுமா?" என்று அம்மா கேட்டதற்கு, "அதை நான் சொல்லக்கூடாதும்மா, டாக்டர்தான் சொல்லணும். செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்கு வாங்க" என்றார். அன்று முழுவதும் நான் பார்த்தவர்களில் "எனக்கு அனுமதி இல்லை" என்று சொன்ன முதல் ஆள் அவர்தான். அவரிடமே கேட்டேன். "துணை சுகாதார நிலையத்துல நர்சம்மா இப்ப இருப்பாங்க, போங்கக்கா" என்றார்.

அந்தக் கட்டடத்தைச் சின்ன வயதில் ஆடு கட்டும் இடமாகத்தான் பார்த்திருக்கிறேன். இப்போது வெள்ளையடித்து, டைல்ஸ் போட்டு, குழாயில் தண்ணீர் வருகிறது. கிராம சுகாதார செவிலியர் என்னைத் திண்டில் உட்காரவைத்து, முதலில் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் காலைக் கழுவினார். அதுவரை யாருமே கழுவச் சொல்லவில்லை. நானும் கழுவவில்லை என்பது வேறு. பிறகு கேள்விகள்: எங்கே குத்தியது, எவ்வளவு ஆழம், சுகர் உண்டா, எந்த மருந்தாவது ஆகாதா, குழந்தையில் தடுப்பூசி எல்லாம் போட்டார்களா, கடைசியாக டி.டி. எப்போது?

கனடாவில் பெரியவர்களுக்கும் பத்து வருஷத்துக்கு ஒருமுறை போடுவார்கள். என் மஞ்சள் அட்டையின் போட்டோவை போனில் தேடி எடுத்தேன். மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது. அவர் ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டருக்கு போன் போட்டு, நான் சொன்னதையெல்லாம் ஒப்பித்து, வைத்துவிட்டுச் சொன்னார்: "ஊசி வேண்டாம்மா. மாட்டுக்கொட்டகைங்கறதாலதான் இவ்வளவு கேட்டேன். துருவுல ஒண்ணும் இல்லை, டெட்டனஸ் கிருமி மண்ணுலயும் சாணத்துலயும் இருக்கும். அஞ்சு வருஷம் தாண்டியிருந்தா போட்டே ஆகணும். உங்களுக்கு இன்னும் காலம் இருக்கு." வீங்கினாலோ காய்ச்சல் வந்தாலோ டாக்டரைப் பார்க்கச் சொல்லி, நோட்டில் என் பெயரையும் விவரத்தையும் எழுதிக்கொண்டார். பணம் கேட்கவில்லை.

ஊசி போட உரிமை இல்லாதவர்கள் எல்லோரும் சிரிஞ்சைத் தூக்கிக்கொண்டு நின்ற ஊரில், உரிமை உள்ள ஒரே ஆள் வேண்டாம் என்று அனுப்பிவைத்தார். டொரொண்டோவில் இதே விடைக்கு எத்தனை மணி நேரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன் என்று நினைத்துப் பார்த்தேன்.

ஊருக்குப் போகிறவர்கள் தடுப்பூசி அட்டையை போட்டோ எடுத்து போனில் வைத்துக்கொள்ளுங்கள். புதன்கிழமை குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடும் நாள், நர்சம்மாவுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. மற்ற நாளில், அவர் வீடு வீடாகப் போவதற்கு முன்னால் போய்ப் பிடியுங்கள்.

கிளம்பும்போது கம்பவுண்டர் மாமாவைப் பற்றிக் கொஞ்சம் காட்டமாகவே பேசிவிட்டேன். நர்சம்மா நோட்டை மூடியபடி, "அவர் மேல கம்ப்ளெயிண்ட் போட்டா போலீஸ் வரும், கூட்டிட்டுப் போகும். ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு நெஞ்சுவலின்னு கதவைத் தட்டினா எழுந்து வந்து, 108-க்கு போன் பண்ணி ஏத்தி விடறதும் அவர்தாம்மா. அந்த வேலைக்கு மட்டும் அவரை வெச்சுக்க சட்டத்துல வழி இருந்தா சொல்லுங்க, எங்க டாக்டர்கிட்ட கேக்கறேன்" என்றார்.