கழுகு வீரர்களின் கதை: 1983 தொடரா, 2017 தொடரா?

சீன எழுத்தாளர் ஜின் யோங் 1957 முதல் 1959 வரை ஹாங்காங் நாளிதழ் ஒன்றில் எழுதிய, சண்டைக்கலை வீரர்களைப் பற்றிய தொடர்கதை இது. பலமுறை தொலைக்காட்சிக்கு வந்துவிட்டது. புதிதாகப் பார்க்க நினைப்பவர்கள் இந்த இரண்டில்தான் தடுமாறுகிறார்கள்.

நீளம்: பழையது 59 பகுதிகள், புதியது 52. இரண்டுக்கும் பொறுமை வேண்டும்.

மொழி: பழையது காண்டனீஸ், புதியது மாண்டரின். நமக்கு எப்படியும் வசன வரிகள்தான் துணை.

காட்சி: பழையதில் பல சண்டைகள் அரங்கத்துக்குள்ளேயே நடக்கின்றன; தீட்டிய மலையும் காகித மரமும் கண்ணுக்குத் தெரியும். புதியதில் வெளியும் ஒளியும் தாராளம். இதில் போட்டியே இல்லை.

நடிப்பு: இங்கேதான் என் மனம் பழையதன் பக்கம் சாய்கிறது. மண் பூசிச் சுட்ட கோழியின் வாசனைக்குச் சண்டைக்கலை ஆசான் ஹோங் சிகோங் வந்து நிற்கும் இடத்தைப் பாருங்கள். வாய்க்கு ருசியாகச் சமைத்துப் போட்டே, மந்தமான நாயகன் குவோ ஜிங்குக்கு அவரிடமிருந்து வித்தையைக் கறந்துவிடுகிறாள் நாயகி ஹுவாங் ரோங். அந்தக் குறும்பையும் காதலையும் ஒரே பார்வையில் காட்டியவர் பார்பரா யுங். 1985இல், 26 வயதிலேயே இறந்துபோனார். அதை நினைக்காமல் என்னால் அந்தக் காட்சியைப் பார்க்க முடிவதில்லை. புதிய தொடரில் அதே வேடத்தில் வரும் லீ யிதோங்கும் குறை சொல்ல முடியாதவர்.

பழைய படப்பிடிப்பு கண்ணை உறுத்தும் என்றால், வீட்டில் சிறுவர்களோடு பார்ப்பதென்றால், 2017 தொடரை எடுங்கள். நாவலைப் படித்துவிட்டு அந்த மனிதர்களைத் தேடி வருகிறவர்களுக்கு 1983 தொடர்தான்.