தாய்லாந்து: மண்ணடி பேக்கேஜா, சொந்தத் திட்டமா?

வடசென்னையில் ராயபுரம், திருவொற்றியூர்ப் பக்கத்தில் பலருக்குத் தாய்லாந்துதான் முதல் வெளிநாடு. மண்ணடியிலோ பாரிமுனையிலோ உள்ள ஏஜென்ட்டிடம் பேக்கேஜ் போட்டுக்கொள்ளலாம்; அல்லது டிக்கெட்டையும் அறையையும் நாமே பதிவு செய்துகொண்டு கிளம்பலாம். எது மலிவு, எது வசதி என்று இவ்விரண்டையும் ஒப்பிடுவதுதான் வழக்கம். போகிற ஊரின் மனிதர்களுக்கும் விலங்குகளுக்கும் எது குறைந்த கெடுதல் செய்கிறது என்று ஒப்பிட்டால், கணக்கு வேறு மாதிரி வருகிறது.

நம் பணம் யார் கைக்குப் போகிறது என்று பார்த்தால், பேக்கேஜ் பெரும்பாலும் தோற்றுவிடுகிறது. பயணத் திட்டத் தாளில் ‘ஜெம்ஸ் கேலரி’ (பயணிகளைக் கூட்டிப்போய் நகையும் ரத்தினமும் விற்கும் கடை) என்று ஒரு வரி இருந்தால், கட்டணம் ஏன் அவ்வளவு குறைவு என்பதற்கு அந்த வரியே பதில்: அடக்கவிலைக்கும் கீழே பேக்கேஜை விற்று, கடைகளில் கிடைக்கும் கமிஷனில் அதை ஈடுகட்டுகிறார்கள். இதே முறையில் நடந்த ‘ஜீரோ டாலர் டூர்’களின்மீது தாய்லாந்து அரசு 2016-இல் கடும் நடவடிக்கை எடுத்தது. தனியாகப் போகிறவர் தெருமுனைக் கடையில் சாப்பிட்டு, உள்ளூர் ரயிலில் ஏறுகிறார். அவருடைய பணம் நேராக அந்த ஊர்க்காரர் கைக்குப் போகிறது.

ஆனால் தங்குமிடத்தில் தனியாகப் போகிறவரே தவறும் வாய்ப்பு அதிகம். ஓட்டல் உரிமம் இல்லாத அடுக்குமாடி வீட்டை 30 நாட்களுக்குக் குறைவாக வாடகைக்கு விடுவது அங்கே 2004-ஆம் ஆண்டின் ஓட்டல் சட்டத்துக்கு முரணானது. ஆப்பில் மலிவாகத் தெரியும் ‘காண்டோ’க்களில் பல இந்த ரகம்தான். பெட்டியை இழுத்துக்கொண்டு நள்ளிரவில் வந்திறங்கும் அந்நியர்களால் அந்தக் கட்டடத்தில் குடியிருப்பவர்கள் படும் தொல்லையை, அபார்ட்மென்டில் வாழும் நமக்கு விளக்க வேண்டியதில்லை. ஏஜென்ட் பொதுவாக உரிமம் பெற்ற ஓட்டலில்தான் அறை போடுவார். நாற்பது பேருக்கு ஒரே பஸ் என்பதும் அவர் பக்கம் சேர வேண்டிய மதிப்பெண்.

விலங்குகள் விஷயத்தில் இரு வழிகளையும் நிதானமாகப் பார்க்க வேண்டும். 1989-இல் தாய்லாந்து காடுகளில் மரம் வெட்டத் தடை விதித்தது. மரம் இழுத்துவந்த யானைகளும் பாகன்களும் பிழைப்புத் தேடிச் சுற்றுலாவுக்கு வந்தார்கள். சவாரிக்குப் பழக்கக் குட்டியைத் தாயிடமிருந்து பிரித்து, கட்டிப்போட்டு, வலியால் பணியவைக்கும் முறை உண்டு என்பது இன்று பலருக்கும் தெரியும். அதனால் சொந்தமாகத் திட்டமிடுகிறவர்கள் சவாரியைத் தவிர்த்துவிட்டு, யானையைக் குளிப்பாட்டும் முகாமுக்குப் போய் மனநிறைவு கொள்கிறார்கள். அறிமுகமற்றவர்கள் நாள் முழுவதும் தொட்டுத் தேய்க்க ஒரு யானை அசையாமல் நிற்க வேண்டுமென்றால், அதற்கும் அதே அடக்குமுறைதான் வேண்டும். 2025 ஜனவரியில் யாவ் யாய் தீவில் யானையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த ஸ்பெயின் நாட்டு இளம்பெண், அந்த யானை தாக்கியதில் உயிரிழந்தார். தூரத்தில் நின்று பார்க்க மட்டும் விடும் முகாம்களே இந்த வகையில் தேறுகின்றன. பேக்கேஜ்களில் வரும் புலியோடு போட்டோ எடுக்கும் இடங்களை இவ்வளவு யோசிக்காமலே நான் தவிர்த்துவிடுவேன். 2016-இல் காஞ்சனபுரியில் புலிகளை வளர்த்துவந்த ‘புலிக் கோயில்’ என்ற பௌத்த மடத்தில் சோதனை நடந்தபோது உறைபெட்டியில் 40 புலிக்குட்டிகளின் உடல்கள் கிடைத்தன; அதற்குப் பிறகும் அந்தப் போட்டோ வேண்டுமா?

புகைப்படத்துக்கு வடசென்னைக்காரர்களிடம் சொந்த அளவுகோலே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை விடியலில் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குக் கேமராவோடு வருகிறவர்களை நாம் அறிவோம். வஞ்சிரத்தைத் துண்டு போட்டுக்கொண்டிருக்கும் அக்காவின் முகத்துக்கு நேரே, ஒரு வார்த்தை கேட்காமல் லென்ஸை நீட்டுவார்கள். அவர் முந்தானையை இழுத்து முகத்தை மூடினால் அதையும் எடுப்பார்கள். சியாங்ராய்ப் பக்கத்து மலைக் கிராமங்களில், கழுத்தில் பித்தளை வளையம் அணிந்த கயான் இனப் பெண்களை டிக்கெட் வாங்கிப் பார்க்கப் போகும் கூட்டமும் இதையேதான் செய்கிறது. பஸ் இருபது நிமிடம்தான் நிற்கும் என்றால் யாரும் யாரிடமும் அனுமதி கேட்கப்போவதில்லை. தனியாகப் போகிறவருக்குக் கேட்க நேரமாவது உண்டு.

ஆகவே, தேடிப் படிக்கும் பொறுமை உள்ளவருக்குச் சொந்தத் திட்டமே மேல், உரிமம் பெற்ற ஓட்டலில் தங்குவதாக இருந்தால். வயதான அப்பா, அம்மாவோடு போகிறவர்கள் ஏஜென்ட்டிடமே போகலாம். முன்பணம் கட்டுவதற்கு முன்பே ஜெம்ஸ் கேலரி, டைகர் பார்க், யானைச் சவாரி மூன்றையும் தாளிலிருந்து அடிக்கச் சொல்ல வேண்டும். கடைக் கமிஷன் அவருக்குக் கிடைக்காமல் போவதால் கட்டணம் கொஞ்சம் ஏறும், அதைக் கொடுத்துவிடலாம். புக்கெட், கிராபி பேக்கேஜ் என்றால் இன்னொன்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும். 2018-இல் பவளப்பாறைகள் மீள்வதற்காக மூடப்பட்ட, அங்கிருந்து படகில் கூட்டிப்போகும் பீ பீ தீவுகளின் மாயா விரிகுடா 2022-இல் திறந்தாலும், ஆண்டுதோறும் ஆகஸ்ட், செப்டம்பரில் மூடப்படுகிறது. அந்த மாதங்களில் அங்கே இறக்கிவிடுவதாக எழுதித் தரும் ஏஜென்ட்டின் மற்ற வரிகளையும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.