ஸ்டிம்: பழைய லேப்டாப்பில் ஒரு குவாண்டம் ஆய்வகம்

முதுகலை இயற்பியல் வகுப்புக்குக் குவாண்டம் பிழைத்திருத்தம், அதாவது குவாண்டம் கணினியில் விழும் பிழைகளைக் கண்டு திருத்தும் பாடம், நடத்துகிறேன். பல க்யூபிட்டுகளை (குவாண்டம் கணினியின் பிட்டுகள்) கட்டம் கட்டமாக அடுக்கி ஒரு தகவலைக் காக்கும் முறைக்கு 'சர்ஃபேஸ் கோடு' (surface code) என்று பெயர். அதைப் போர்டில் வரைந்தால், "புள்ளிக் கோலம் மாதிரி இருக்கு சார்" என்பதோடு பிள்ளைகள் நின்றுவிடுவார்கள். அதற்காகத்தான் ஸ்டிம்மை எடுத்தேன். கூகுளில் இருக்கும் கிரெய்க் கிட்னி எழுதி 2021-இல் வெளியிட்ட சிமுலேட்டர்; குவாண்டம் கணினி செய்வதைச் சாதாரணக் கணினியில் ஓட்டிக் காட்டும். இலவசம். பைத்தான் இருந்தால் ஒரே வரியில் இறங்கிவிடும்.

என்னுடையது 4 ஜிபி லேப்டாப். க்யூபிட்டுகளின் முழு நிலையையும் சுமக்கும் சாதாரண சிமுலேட்டர், 30 க்யூபிட்டுக்கே 16 ஜிபி கேட்கும். ஸ்டிம் அந்தச் சுமையைத் தூக்குவதில்லை. பிழை எங்கே விழுந்து எப்படிப் பரவுகிறது என்று மட்டும் கணக்கு வைக்கிறது. சர்ஃபேஸ் கோடின் அளவைத் 'தொலைவு' என்பார்கள்; அது கூடினால் க்யூபிட்டும் கூடும், தாங்கும் பிழையும் கூடும். தொலைவு 7 உள்ள சர்ஃபேஸ் கோடுக்கு 97 க்யூபிட். ஒரு லட்சம் முறை ஓடவிட்டேன், டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. எந்த க்யூபிட் கெட்டது என்று ஊகிக்கும் வேலை மட்டும் ஸ்டிம்முடையது அல்ல. அதற்குப் பைமேட்சிங் என்ற இன்னொரு மென்பொருளையும் சேர்த்து நிறுவவேண்டும்.

காசு கொடுத்தாலும் கிடைக்காதது அடுத்து வந்தது. சர்க்யூட்டின் ஒவ்வொரு செயலிலும் பிழை விழும் விகிதத்தை 0.3% என்று வைத்தேன். தொலைவு 3, 5, 7 என்று ஏற ஏற, திருத்தியபின் தகவலில் மிஞ்சும் பிழை சரசரவென்று இறங்கியது. 2024-இல் கூகுளின் வில்லோ சிப்பில் நிஜமாகவே நடந்தது இதுதான். ஒவ்வொரு படிக்கும் பிழை பாதிக்கும் கீழே போனது. அப்புறம் 2% வைத்தேன். எல்லாம் தலைகீழ்! காவலுக்கு ஆள் கூடக் கூடத் திருட்டும் கூடியது. எந்தப் பிழை விகிதத்தைத் தாண்டினால் பெரிய கோடு உதவாமல் கெடுக்கத் தொடங்குமோ, அதுதான் வரம்பு. பத்து வருடமாக வாயால் சொல்லிவந்த அந்த வரம்பை அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

சர்க்யூட்டை, அதாவது க்யூபிட்டுகள்மேல் செய்யும் செயல்களின் வரிசையை, கையால் எழுதுவதானால் பொறுமை வேண்டும். அளவீடுகளைக் கடைசியிலிருந்து பின்னோக்கி எண்ணவேண்டும். நான் -16 என்று எழுதவேண்டிய இடத்தில் -15 என்று எழுதிவிட்டு ஒரு மாலை முழுக்க முழித்தேன். கடைசியில் ஸ்டிம்மே வரைந்து தரும் படத்தைப் பார்த்துத்தான் பிடித்தேன். தொடக்கத்தில் அதிலேயே இருக்கும் தயார் சர்க்யூட்டுகள் போதும்.

முழு அளவிலான குவாண்டம் கணக்குகளுக்குத் தேவைப்படும் 'டி கேட்' என்ற செயல் ஸ்டிம்மில் கிடையாது. அதனால் பெரிய எண்களைக் காரணிகளாகப் பிரிக்கும் ஷோரின் அல்காரிதத்தை ஓட்டிப் பார்க்கலாம் என்று யாரும் வரவேண்டாம். தகவலைக் கெடாமல் வைத்திருக்க முடிகிறதா என்று பார்ப்பவர்களுக்கு ஐந்துக்கு நாலரை தருவேன். தொலைவு 3, 5, 7-க்கான வரைபட வளைவுகள் சரியாக எந்தப் பிழைச் சதவீதத்தில் வெட்டிக்கொள்கின்றன, அதாவது வரம்பு எங்கே, என்று ஒரு மாணவி கேட்டாள். அவளுக்கே வீட்டுப்பாடமாகக் கொடுத்துவிட்டேன்.